கடல் தூண்டில்: எந்த ராட், எந்த நரம்பு, பிடித்த மீனை எப்படிச் சமைப்பது?

கேள்வி இதுதான்: கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட ஆரம்பிப்பவர் என்ன ராட் (தூண்டில் கோல்), ரீல் (நரம்பு சுற்றும் கருவி), நரம்பு (தூண்டில் நூல்) வாங்க வேண்டும்? அப்புறம், தானே பிடித்த மீனைச் சமைத்தால் சதை கொழகொழவென்றும் வாடையோடும் இருப்பது ஏன்? இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை இது ஒரே கேள்வி. மீன் எவ்வளவு நேரம் போராடியது, எப்படிச் செத்தது, செத்த பிறகு முதல் அரைமணி நேரம் எங்கே கிடந்தது என்ற மூன்றும்தான் ருசியின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. அடுப்பு அதைக் காப்பாற்றலாம், கெடுக்கலாம். புதிதாகச் சேர்க்க முடியாது. அந்த மூன்றில் முதலாவது உங்கள் கையிலிருக்கும் கருவியைப் பொறுத்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் எங்கே நின்று வீசப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மணற்கரையில் நின்று அலைக்கு அப்பால் எறிய வேண்டுமென்றால் 11, 12 அடி ராட் தேவை. நீளம் தூரத்துக்கு மட்டுமல்ல, உடைகிற அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும்தான். படகிலோ பாலத்திலோ 7 அடி போதும், அங்கே நீளமான ராட் இடைஞ்சல். எல்லாவற்றுக்கும் ஒன்றே வேண்டும் என்றால் 9 அடியில், இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய, 20 முதல் 60 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கும் ராடை எடுங்கள். அந்த எடைக் குறிப்பு ராடின் அடிப்பாகத்தில் இருக்கும். அதற்கு மேல் எடையுள்ள ஈயக்குண்டைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் ராட் உடையும். வாங்கும்போது நரம்பு ஓடுகிற வளையங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். பீங்கான் உள்வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டும். அந்த விரிசல்தான் பின்னாளில் நல்ல மீன் இழுக்கும் நேரத்தில் நரம்பை அறுக்கும்.

ரீல் விஷயத்தில் ஆரம்பக்காரருக்கு ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீல்தான் சரி. 4000 முதல் 6000 வரையிலான அளவு பார்க்கலாம். இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், எவ்வளவு நரம்பு கொள்ளும் என்று ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், எழுதியிருப்பதைப் பாருங்கள். பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு இறுக்கத்தில் விட்டுக்கொடுப்பது என்று அமைக்கும் பகுதிதான் டிராக். அதைப் பாதி இறுக்கி, நரம்பைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடங்கி, குதித்து, மறுபடி தடங்கினால் வேண்டாம். ஒரே சீராக விட்டுக் கொடுக்கிற ரீல்தான் வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போகாதபடி அடைப்பு இருப்பது இரண்டாவது தகுதி.

நரம்பில் இரண்டு கட்சி உண்டு. ஒற்றை இழை நைலான் விலை குறைவு, முடிச்சு எளிது, இழுத்தால் நீளும். அந்த நீட்சி, திடீரென்று பாயும் மீனிடமிருந்து உங்கள் முடிச்சைக் காப்பாற்றும். ஆனால் வெகுதூரத்தில் மீன் இரையைத் தொடுவது கைக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான். பின்னிய பிரெய்டு நீளாது, அதே பலத்துக்கு மிக மெல்லியது, காற்றையும் நீரோட்டத்தையும் வெட்டிக்கொண்டு போகும். பாறையிலோ சிப்பியிலோ இழுபட்டால் மட்டும் சட்டென்று அறுந்துவிடும். முதல் ரீலுக்கு 0.35 மில்லிமீட்டர் நைலானே போதும் என்பது என் கருத்து. வீச்சு பழகி, சிக்கல் விழாமல் எறிய வந்த பிறகு 20, 30 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டுக்கு மாறலாம். மாறும்போது ஸ்பூலின் அடியில் முதலில் கொஞ்சம் நைலானைச் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். வழுவழுப்பான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றிய பிரெய்டு, மீன் இழுக்கும்போது மொத்தமாகச் சுழன்று வழுக்கும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் வளையம் வளையமாகக் கொட்டிச் சிக்கும், குறைத்தால் தூரம் போகாது.

பிரெய்டின் நுனியில் ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாமல் லீடர், அதாவது முள்பக்கம் இணைக்கும் தனி நரம்பு, வேண்டும். ஃப்ளோரோகார்பன் என்ற வகை நரம்பைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று விற்பார்கள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5-க்கு மேல். ஆக நைலானைவிடக் குறைவாகத் தெரியும், தெரியவே தெரியாது என்பதில்லை. நான் அதைப் பயன்படுத்துவது அது கடினமாக இருப்பதால், பாறையில் உரசினாலும் எளிதில் தேயாது என்பதால். வஞ்சிரம், ஊளி மாதிரிப் பல்லுள்ள மீனை எதிர்பார்த்தால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி போடுங்கள். எந்த முடிச்சாக இருந்தாலும் எச்சில் தொட்டு ஈரமாக்கிய பிறகே இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இழுத்து இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் வலுவிழந்துவிடும். முள் கட்ட பாலோமர் அல்லது யூனி, பிரெய்டையும் லீடரையும் சேர்க்க இரட்டை யூனி என்று இந்த மூன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகினால் போதும்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கை உத்தேசத்துக்கு விடாதீர்கள். நரம்பின் அறுபடும் பலத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்பது கணக்கு. 9 கிலோ நரம்பு என்றால் இரண்டேகாலிலிருந்து 3 கிலோ. ராடை வளைத்துப் பிடித்து, நரம்பு நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுங்கள். தராசு எந்த எடையைக் காட்டும்போது ரீல் நரம்பை விடத் தொடங்குகிறது என்று பார்த்துத் திருகுங்கள்.

இந்த இடத்தில்தான் சமையல் உள்ளே வருகிறது. மெல்லிய நரம்பில் பெரிய மீனை நெடுநேரம் விளையாட்டுக் காட்டிப் பிடிப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சாப்பிடப் போகிற மீனுக்கு அது நல்லதல்ல. உயிரைக் காக்கப் போராடும் மீன் தன் தசையில் சேமித்த சக்தியை எரித்துத் தீர்க்கிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது. சூரை போன்ற மீன்களில் உடம்புச் சூடே ஏறிவிடும். அப்படிச் செத்த சூரையை வெட்டினால் சதை சிவப்பாகவோ கண்ணாடிபோல் மினுங்கியோ இல்லாமல் வெளிறி, நீர்விட்டு, வாயில் லேசான புளிப்போடு இருக்கும். வெந்தது போன்ற அந்தச் சதையை எந்த மசாலாவும் திருத்தாது. எதிர்பார்க்கும் மீனுக்குக் கொஞ்சம் கூடுதலான பலத்தோடு போய், சீக்கிரம் கரையேற்றுங்கள். மீனைத் திரும்ப விடுவதாக இருந்தாலும் இதே நியாயம்தான். களைத்து ஓய்ந்த மீன், விட்ட பிறகும் பிழைப்பது கடினம்.

தூண்டில் முள்ளில் எண் குழப்பம் ஒன்று உண்டு. 1, 2, 4 என்று எண் ஏற ஏற முள் சிறிதாகும். 1/0, 2/0, 5/0 என்று போனால் பெரிதாகும். கிழங்கான் மாதிரிச் சிறுவாய் மீனுக்கு 4 அல்லது 6, பாறை மீன், கொடுவாவுக்கு 2/0 முதல் 5/0 வரை. நுனி உள்பக்கம் திரும்பிய வட்ட முள்ளை நான் பலமாகச் சிபாரிசு செய்கிறேன். மீன் இரையை விழுங்கித் திரும்பி ஓடும்போது, முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயின் ஓரத்தில், தாடை மடிப்பில் சுழன்று மாட்டிக்கொள்ளும். அதனால் கடி தெரிந்ததும் ராடைச் சுண்டி இழுக்கக் கூடாது. சுண்டினால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ராட் வளையும் வரை பொறுத்து, ரீலை ஒரே சீராகச் சுற்றினால் போதும். இந்தப் பொறுமை வருவதற்குச் சில நாள் ஆகும், வந்துவிட்டால் குடலில் முள் மாட்டிய மீனைப் பார்ப்பதே அபூர்வம். முள்ளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சரித்துப் பாருங்கள். வழுக்கினால் மாற்றுங்கள், லேசாகக் கவ்வினால் சரி. துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம். நரம்பு அறுந்து மீன் வாயிலேயே தங்கினால் அது அழியாமல் கிடக்கும்.

ஈயத்தில் மணல் தரைக்குக் கூம்பு வடிவம், பாறை இடுக்குக்குச் சிக்காத உருண்டை அல்லது நீள்வடிவம். ஈயம் நச்சு. பிளந்த சின்ன ஈயக்குண்டைப் பல்லால் கடித்து அழுத்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு ஈயத்தின் துளை வழியே தடையின்றி ஓடி, ஒரு ஸ்விவலில் (சுழலும் இணைப்பு வளையம்) நின்று, அதற்கப்பால் ஒன்றரை, இரண்டு அடி லீடர் துண்டும் முள்ளும் என்பது எளிய அமைப்பு. மீன் இழுக்கும்போது ஈயத்தின் எடை அதற்குத் தெரியாது. இரைக்கு அந்தந்தக் கடலில் அந்த மீன் என்ன தின்கிறதோ அதுவே சிறந்தது. இறாலும் கணவாய்க் கீற்றும் மத்தித் துண்டும் எங்கேயும் எடுபடும். கணவாய்க் கீற்றை முள்ளில் நேராகத் தொங்கும்படி ஒரே இடத்தில் குத்துங்கள். மடித்துக் குத்தினால் தண்ணீரில் சுழன்று லீடரை முறுக்கிவிடும், மீனும் சந்தேகப்படும்.

நேரம், இடம் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் ஓடும்போது மீன் தின்னும், நின்றால் சோம்பும். நீர் ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம், விடியல், அந்தி இவை சேர்ந்து வரும் நாள் நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், ஓட்டமும் அதிகம். கரையில் அலைகள் வெள்ளையாக உடையும் வரிசைகளுக்கு நடுவே, அலை உடையாமல் கருத்துத் தெரிகிற பட்டை ஆழமான பள்ளம். மீன் அதன் வழியாகத்தான் நடமாடும், பல நாள் அது கால் எட்டும் தூரத்திலேயே இருக்கும். பாறையில் நிற்பவர் கடலுக்கு முதுகைக் காட்டவே கூடாது. உயிர்காப்புச் சட்டையும் வழுக்காத செருப்பும் இல்லாமல் ஏறாதீர்கள்.

சரி, மீன் மேலே வந்துவிட்டது. அந்தக் கடற்கரையில் என்ன அளவு, என்ன பருவம் அனுமதி என்பதை முன்பே தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும். விடவேண்டிய மீனை ஈரக் கையால் பிடித்து, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விடுங்கள். காய்ந்த கை அதன் உடம்பின் வழவழப்பை உரித்துவிடும், அதுதான் அதற்கு நோய்த்தடுப்பு. கெளுத்தி, ஒரா, திருக்கை இவற்றின் முள் விஷமுள்ளது. குத்திவிட்டால், பொறுக்கும் அளவுச் சூடான தண்ணீரில், 45 டிகிரியைத் தாண்டாமல், காயத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போகிற வழியைப் பாருங்கள். சூடு அந்த விஷத்தை மட்டுப்படுத்தி வலியைக் குறைக்கும். ஊதிப் பருக்கிற பேத்தை மீனைச் சமையலறைக்குக் கொண்டுவரவே வேண்டாம். அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் எந்தக் கொதிநிலையிலும் அழியாது. பவளப்பாறைப் பகுதியில் பிடித்த மிகப் பெரிய களவா, ஊளி போன்றவற்றையும் விட்டுவிடுவது நல்லது. நுண்பாசியிலிருந்து உணவுச் சங்கிலி வழியாகப் பெரிய மீனில் சேரும் சிகுவாடெரா நஞ்சுக்கு மணம், ருசி கிடையாது, வேகவைத்தாலும் போகாது.

வைத்துக்கொள்ளும் மீனுக்கு அடுத்த பத்து நிமிடம்தான் எல்லாம். வாளியில் துள்ளித் துடித்து மூச்சுமுட்டிச் சாக விடுவது மீனுக்கும் கொடுமை, சதைக்கும் கேடு. கண்ணுக்குச் சற்றுப் பின்னே, சற்று மேலே, மூளை இருக்கும் இடம். கூரான கம்பியை அங்கே ஒரே அழுத்தாக இறக்குங்கள். சரியான இடம் பட்டால் மீன் ஒரு கணம் விறைக்கும், வாயும் செவுள் மூடியும் அகலத் திறக்கும், துடுப்புகள் விரியும், பிறகு மொத்தமாகத் தளரும். ஜப்பானியர்கள் இக்கெஜிமே என்று சொல்லும் முறையின் சாரம் இதுதான். மூளை நின்றாலும் இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் செவுள் மூடியைத் தூக்கி, செவுளுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள ரத்தக்குழாயை வெட்டிக் கடல்நீர் வாளியில் தலைகீழாக விடுங்கள். ரத்தத்தை இதயமே வெளியே தள்ளிவிடும். நீங்கள் சொன்ன வாடையில் ஒரு பங்கு சதைக்குள் தேங்கிய இந்த ரத்தம்தான்.

அடுத்தது ஐஸ். ஐஸ் கட்டிகள்மேல் மீனை வைப்பது போதாது, கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கிறது. இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கடல்நீர் ஊற்றிக் குழைசலாக்கி அதில் மூழ்க வையுங்கள். உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழேதான் உறையும் என்பதால் இந்தக் கலவை 0 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே நிற்கும், மீனின் உடம்பை எல்லாப் பக்கமும் தொட்டுக் குளிர்விக்கும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி என்றால் இது ருசிக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும். இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு அரிக்கும். மீன் ஒவ்வாமை என்று பலர் நினைப்பது பல சமயம் இதுதான். ஐஸ் இல்லாமல் இந்த மீன்களைப் பிடிக்கக் கிளம்பாதீர்கள்.

வீடு வந்ததும் கருவியை மறக்க வேண்டாம். டிராக்கை இறுக்கிவிட்டு, ரீலின்மேல் நல்ல தண்ணீரை மெதுவாகத் தூவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். துடைத்த பின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், உள்ளிருக்கும் வட்டுகள் அழுந்திப் போகாது.

செதில் எடுத்து, குடலையும் செவுளையும் நீக்கி, வயிற்றுக்குள் நடுமுள்ளை ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பு ரத்தக்கோட்டைக் கத்தி நுனியால் கிழித்து, பழைய பல்துலக்கி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பலர் இந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள், வாடையின் இன்னொரு பங்கு அங்கே இருக்கிறது. கழுவி முடித்ததும் துணியால் ஒற்றி எடுங்கள். வெட்டிய துண்டைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், ருசி தண்ணீரோடு போய்விடும். செத்தபின் மீனின் உடம்பு விறைத்திருக்கும்போது துண்டு போடாதீர்கள், சமைக்கவும் செய்யாதீர்கள். சதை கிழியும், வெந்தால் ரப்பராகச் சுருங்கும். சிறிய மீன்களை அன்றைக்கே சாப்பிடலாம். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீன், சுத்தம் செய்து ஐஸில் ஒரு நாள் இருந்து விறைப்பு இறங்கிய பிறகு, அன்று பிடித்ததைவிட ருசியாக இருக்கும்.

இனி வாடைக்கு மூன்றாவது காரணம். கடல்மீன் தன் உடம்பின் நீர்ச்சமநிலைக்காக டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருளைத் தசையில் வைத்திருக்கிறது. அதற்கு மணமில்லை. செத்தபின் பாக்டீரியா அதை டிரைமெத்திலமினாக உடைக்கும்போதுதான் நாம் மீன்வாடை என்று சொல்வது பிறக்கிறது. புளிப்பு எதுவானாலும், எலுமிச்சையோ வினிகரோ புளியோ, அதோடு சேர்ந்து காற்றில் கலக்காத உப்பாக மாற்றிவிடும். ஆனால் புளிப்பில் நெடுநேரம் ஊறினால் சதை வெந்ததுபோல் வெளுத்து உதிரும். பத்து நிமிடம் போதும்.

கொழகொழப்புக்கு வருவோம். மீனின் தசை நார்கள் குட்டையானவை, அடுக்கடுக்காக இருப்பவை. அடுக்குகளை ஒட்டிவைக்கும் மெல்லிய படலம் இறைச்சியைவிடக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். ஆகவே மீனுக்கு நீண்ட நேரம் தேவையில்லை. தடிமனான இடத்தில் 2.5 சென்டிமீட்டருக்குப் பத்து நிமிடம் என்பது தோராயக் கணக்கு. நடுவில் 63 டிகிரி வந்தால் பாதுகாப்பாக வெந்துவிட்டது. துண்டின் பக்கவாட்டில் வெள்ளையாகப் பால் திரிந்ததுபோல் கசிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

வறுப்பதாக இருந்தால் கால்மணி நேரம் முன்பே உப்புத் தடவி வையுங்கள். ஊறிவரும் நீரை ஒற்றி எடுங்கள். தோலின்மேல் கத்தியின் முதுகை அழுத்தி ஒரே பக்கமாக இழுத்தால் இன்னும் ஈரம் பிதுங்கி வரும், அதையும் துடையுங்கள். கல் நன்றாகக் காய்ந்து எண்ணெய் நெளியும்போது தோல்பக்கத்தைக் கீழே வைத்து, முதல் அரை நிமிடம் தட்டைக்கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தோல் சுருங்கித் துண்டு வில்லாக வளையும். அப்புறம் சூட்டைக் குறைத்து அதை அதன் பாட்டில் விடுங்கள். தானாகக் கல்லை விட்டு நழுவும்வரை புரட்டாதீர்கள். ஒட்டுகிறது என்றால் இன்னும் தயாராகவில்லை. முக்கால்வாசி வேக்காடு தோல்பக்கத்திலேயே முடிய வேண்டும், மறுபக்கம் சும்மா ஒரு நிமிடம்.

கொடுவா, களவா போன்ற வெள்ளைச் சதை மீன்களுக்கு ஆவி நன்றாகப் பொருந்தும். கானாங்கெளுத்தியும் மத்தியும் எண்ணெய்ப்பசை உள்ளவை, தணலையும் புளிப்பையும் தாங்கும். குழம்பில் போடுவதானால் குழம்பு முதலில் தனியாகக் கொதித்து முடிந்திருக்க வேண்டும். மீன் கடைசியில், தீயைத் தணித்த பிறகு. கரண்டி போடாமல் பாத்திரத்தைப் பிடித்துச் சுற்றி ஆட்டினால் துண்டு உடையாது. சூரையை நடுவில் சிவப்பு மாறாமல் சமைக்க ஆசைப்பட்டால், ஒட்டுண்ணிகள் சாக −20 டிகிரியில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும். சாதாரண வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிருக்குப் போகிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள், போகாவிட்டால் முழுதாகவே வேகவையுங்கள்.

மிஞ்சியதை உறையவைக்கும்போது காற்றில்லாமல் இறுக்கிச் சுற்றி, மேலே மீனின் பெயரும் தேதியும் எழுதுங்கள். வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம் தாங்கும், எண்ணெய்ப்பசை மீன் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். தலையையும் நடுமுள்ளையும் எறிந்துவிடாதீர்கள். வெள்ளைச் சதை மீனின் தலையைச் செவுள் நீக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கொதி வருவதற்கு முன் நுரையை எடுத்து, இளஞ்சூட்டில் 25 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் முள் கரைந்து கசப்பேறும். வடித்த சாறு ஆறினால் கூழாக உறையும், அடுத்த நாள் சூப்புக்கோ குழம்புக்கோ தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றலாம்.